டார்ஜிலிங் போகிறவர்கள் கேட்டவை

ஐந்து முறை போய் வந்த ஊர் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

கோவையிலிருந்து அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறேன் அண்ணா. எப்படிப் போவது? அப்பாவுக்கு 68 வயது, உயரம் ஒத்துக்கொள்ளுமா?

உயரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர், டார்ஜிலிங் சுமார் 2,040 மீட்டர்தான். ஊட்டியில் சிரமமில்லாமல் இருந்தவருக்கு இங்கேயும் இருக்காது. ஆனால் குளிர் ஊட்டியைவிட அதிகம், டிசம்பர் ஜனவரியில் ராத்திரி 5 டிகிரிக்கும் கீழே போகும், அதனால் அப்பாவுக்குத் தெர்மல் உள்ளாடை கட்டாயம். கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாக, டார்ஜிலிங் மலையடிவார ரயில் நிலையமான நியூ ஜல்பைகுரி போகிறதுதான், ஆனால் ரயிலிலேயே இரண்டு நாள் போய்விடும். பெரியவர்களோடு என்றால் பக்கத்து விமான நிலையமான பாக்டோக்ரா வரை விமானம், அங்கிருந்து கார். மலை ஏற மூன்று மணி நேரமாவது ஆகும். இன்னொன்று, ஊர் முழுக்க ஏற்ற இறக்கமும் படிக்கட்டும்தான். ஊர் நடுவில் இருக்கும் சதுக்கமான சௌரஸ்தா பக்கமாக, வாசல் வரை கார் வரும் விடுதியாகப் பாருங்கள், இதை முன்பதிவுக்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

எந்த மாதம் போனால் கஞ்சன்ஜங்கா பனிச்சிகரம் தெரியும்?

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. ஏப்ரல், மே நம் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் அப்போதுதான் கிளம்புகிறோம், ஆனால் பல நாள் மூட்டமாகவே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம், மழையும் மண்சரிவும்.

டாய் டிரெயினில் முழு தூரமும் போகலாமா, ஜாய் ரைடு போதுமா? ஊட்டி ரயில் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது! ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், கல்லாறு தாண்டியதும் நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறும். டார்ஜிலிங் ரயிலுக்குப் பல் சக்கரமே கிடையாது, பாதையின் அகலமும் இரண்டே அடி. 1881-ல் போட்ட பாதை. செங்குத்தான இடங்களில் வட்டமடித்து ஏறும், இல்லாவிட்டால் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய் இசட் எழுத்து மாதிரி ஏறும். நீராவி எஞ்சினின் முகப்பைக் கவனியுங்கள், ஈரத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் கையால் மணல் தூவ அங்கே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். 140 வருடத்துக்கு மேல் ஓடும் ரயிலின் பிடிமானம் ஒரு கைப்பிடி மணலில் இருக்கிறது என்பதை முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நியூ ஜல்பைகுரியிலிருந்து முழு தூரம் 88 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், அதுவும் சில சமயம் மண்சரிவால் ரத்தாகும். பெற்றோர், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஜாய் ரைடே சரி. டார்ஜிலிங்கிலிருந்து கும் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம், நடுவில், ரயில் வட்டமடிக்கும் பதாசியா லூப்பில் நிறுத்துவார்கள். கும் 2,258 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கிடைக்காது.

சூரியோதயம் பார்க்க டைகர் ஹில்லுக்கு விடியற்காலை மூன்றரை மணிக்கே கிளம்பச் சொல்கிறார்களே, அவசியமா?

முதல் தடவை என்றால் போங்கள், வானம் தெளிவாக இருந்தால் மட்டும். கிளம்பும் முன் வெளியே வந்து பாருங்கள், நட்சத்திரம் தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். தெளிவான நாளில் கஞ்சன்ஜங்காவின் உச்சி முதலில் சிவந்து, நிறம் மெல்லக் கீழே இறங்கும், தூரத்தில் எவரெஸ்ட்டின் நுனிகூடத் தெரியும். கூட்டம்தான் தாங்காது. எனக்குப் பிடித்தது, காலை ஆறு மணிக்குச் சௌரஸ்தாவிலிருந்து அப்சர்வேட்டரி ஹில்லைச் சுற்றிப் போகும் சாலையில் நடப்பது. அதே மலை அங்கிருந்தும் தெரியும். மேலே மகாகாள் கோயிலில் ஒரே சன்னிதியில் இந்துப் பூசாரியும் புத்த பிக்குவும் உட்கார்ந்திருப்பார்கள், சுற்றிலும் மந்திரக் கொடிகள் படபடக்கும். பெற்றோரை மெதுவாக அழைத்துப் போங்கள்.

பையனுக்கு எட்டு வயது. அவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும், காரில் ஏழு இடங்களைச் சுற்றிக் காட்டும் 'ஏழு பாயிண்ட்' டூர் என்கிறார்கள், உங்கள் கருத்து அண்ணா?

பாயிண்ட் டூரில் பாதி நேரம் டிராஃபிக்கில் போய்விடும். மிருகக்காட்சிசாலைக்கு மட்டும் ஒரு அரை நாள் கொடுங்கள், வியாழக்கிழமை விடுமுறை. சிவப்பு பாண்டா, பனிச்சிறுத்தை இரண்டையும் அங்கே பார்க்கலாம். அதே வளாகத்தில்தான் 1954-ல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிலையமும் இருக்கிறது, டென்சிங் நோர்கேயின் சமாதியும் அங்கேதான். எவரெஸ்ட் ஏறியவர் இவர் என்று பையனிடம் சொல்லிக் காட்டுங்கள்.

டீத்தூள் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க?

மார்ச், ஏப்ரலில் பறிப்பது ஃபர்ஸ்ட் ஃபிளஷ், வெளிர் நிறம். மே, ஜூனில் பறிப்பது செகண்ட் ஃபிளஷ், திராட்சை மணம் வரும். பொட்டலத்தில் தோட்டத்தின் பெயரும் பறித்த பருவமும் இருக்க வேண்டும், கடையில் காய்ச்சித் தரச் சொல்லி ஒரு வாய் குடித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பாலில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள், கொடுத்த காசு வீண். வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறினால் போதும்.

நான்கு நாளில் டார்ஜிலிங், காங்டாக், சந்தக்பூ மூன்றும் முடியுமா?

முடியாது, ஜீப்பில்தான் இருப்பீர்கள். சந்தக்பூ நேபாள எல்லையில் இருக்கும் சிகரம், 3,636 மீட்டர், அடிவார ஊரான மானேபஞ்சனிலிருந்து கரடுமுரடான பாதையில் வண்டி ஏற வேண்டும், மேலே ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். நான்கு நாளையும் டார்ஜிலிங்குக்கே கொடுங்கள். முதல் இரண்டு நாள் மேகம் மறைத்தாலும், மூன்றாம் நாள் காலை ஜன்னலைத் திறக்கும்போது மலை எதிரே நிற்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.