மனவரைபட மென்பொருள்: யாருக்கு எது? கேள்வி பதில்

மனவரைபடம் என்பது நடுவில் ஒரு தலைப்பை வைத்து, அதிலிருந்து குறிப்புகளைக் கிளைகளாக விரிக்கும் படம். அதில் எழுதியதை முழுதாக வெளியே எடுக்க வழியில்லாத மென்பொருளை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நிபந்தனைக்கு உட்பட்டவை.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். கணினி பழையது, பணம் செலவழிக்க இயலாது. எதை எடுக்கலாம் அண்ணா?

ஃப்ரீபிளேன் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. இது இலவசமான திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும், இணைய இணைப்பும் தேவையில்லை. தோற்றம் பழைய பாணிதான், மெனுக்களின் எண்ணிக்கை முதல் நாள் மிரட்டும். டேப் விசை உட்கிளை தரும், என்டர் விசை அதே நிலையில் அடுத்த கிளை தரும், ஸ்பேஸ் விசை கிளையை மடக்கி விரிக்கும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மற்றவை மெல்ல வரும்.

தேர்வுக்குப் படிப்பவருக்கு அந்த மடக்கல்தான் பெரும் துணை. ‘அடிப்படை உரிமைகள்’ கிளையை மடக்கிவிட்டு ஆறையும் நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள்; பிறகு விரித்துச் சரிபாருங்கள். வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் மனத்தில் தங்காது. இன்னொன்று, குளோன் வசதி. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வரலாற்றுப் பகுதியிலும் வரும், அரசியலமைப்புப் பகுதியிலும் வரும். ஒரே கிளையை இரண்டு இடத்திலும் வைக்கலாம். ஓரிடத்தில் திருத்தினால் மற்றதும் தானே திருந்தும்.

அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்து புதிய யோசனைகளைத் திரட்ட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் எழுதக்கூடியது எது?

மைண்ட்மைஸ்டர், காகிள், மிரோ மூன்றுமே உலாவியில் அதைச் செய்யும். மைண்ட்மைஸ்டரின் இலவசத் திட்டத்தில் மிகச் சில படங்கள்தான். காகிளில் இலவசமாகத் தனிப்பட்ட படங்கள் மூன்று மட்டுமே. அதற்கு மேல் இலவசமாக வரைபவை பொதுவெளிக்குப் போய்விடும். வாடிக்கையாளர் பெயரோ விலை விவரமோ எழுதுவதற்கு முன்பு இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

ஆனால் மென்பொருளைவிட, கூட்டத்தை நடத்தும் முறைதான் பலனைத் தீர்மானிக்கும். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், கூடிப் பேசிய குழுக்களைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசித்தவர்களின் யோசனைகளைத் தொகுத்தபோது அதிகம் கிடைத்தது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும்போதே தங்கள் எண்ணத்தைத் தொலைக்கிறார்கள். ஆகவே முதல் பத்து நிமிடம் ஆறு பேரும் பேசாமல், அவரவர் கிளையில் மட்டும் எழுதட்டும். பிறர் கிளையைத் திருத்தவோ நீக்கவோ கூடாது. ஒன்றுசேர்ப்பதும் வெட்டுவதும் அதற்குப் பிறகுதான். மேலாளர் தம் கிளையைக் கடைசியாகத் திறக்கட்டும். முதலில் திறந்தால் மற்ற ஐவரும் அவர் பக்கமே சாய்ந்துவிடுவார்கள்.

உயிரியல் ஆசிரியை நான். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை மனவரைபடமாக்கினால் தொடர்புகள் விட்டுப்போகின்றன. என்ன செய்வது ஐயா?

அம்மா, உங்களுக்கு வேண்டியது வேறு வகைப் படம். மனவரைபடம் நடுவில் ஒரு தலைப்பை வைத்துக் கிளை பிரியும். ‘குளுக்கோஸ்’ ஒளிச்சேர்க்கையின் கீழே வருகிறதா, சுவாசித்தலின் கீழே வருகிறதா என்று அங்கே திணற வேண்டியிருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் நோவாக் 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருத்துப்படத்தில் எதையும் எதோடும் இணைக்கலாம். ஒவ்வொரு கோட்டின் மீதும் ‘வெளியிடுகிறது’, ‘தேவைப்படுகிறது’ என்று உறவையும் எழுத வேண்டும். சிமேப்டூல்ஸ் இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. மாணவர் கோட்டின் மேல் எழுதும் சொல்லைப் பார்த்தாலே அவருக்கு எங்கே குழப்பம் என்று தெரிந்துவிடும்.

தமிழில் வரைந்து பி.டி.எஃப். ஆக்கினால் எழுத்துகள் உடைகின்றன. ஏன்?

பல மென்பொருள்களின் ஏற்றுமதிப் பகுதி ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ‘கொ’ போன்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பை முன்னே கொண்டுவந்து வைக்க அதற்குத் தெரியாது. அதனால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது வெற்றுக் கட்டங்கள் வரும். கிளைகளின் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். தீரவில்லையென்றால் படமாகவோ எச்.டி.எம்.எல். கோப்பாகவோ ஏற்றுமதி செய்து, அதை உலாவியில் திறந்து பி.டி.எஃப். ஆக அச்சிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். முதலில் அதை யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு, மாற்ற வேண்டும்.

பணம் கட்டும் முன் ‘கொள்கை, பௌர்ணமி, ஸ்ரீ’ என்று மூன்று கிளை எழுதி ஏற்றுமதி செய்து பாருங்கள். இந்தச் சோதனையில் தோற்றால், மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும் அது நமக்கு ஆகாது.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. எது வசதி?

சிம்பிள்மைண்ட். சிறு திரையிலும் விரலால் கிளைகளை நகர்த்துவது எளிது. இலவசப் பதிப்பில் தொடங்குங்கள்; எழுதியதை வெளியே எடுக்க அதில் வழி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் ஒருவருக்குப் பார்வை இல்லை. அவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

கேட்டதற்கு நன்றி, பலர் இதை யோசிப்பதே இல்லை. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கு உங்கள் வண்ணக் கிளைகள் ஒரு வெற்றுப் படம்தான். ஆனால் கிளைகளாக விரியும் எந்த மனவரைபடத்தையும் உள்தள்ளிய பட்டியலாக மாற்றிவிடலாம். ஃப்ரீபிளேனில் மையக் கிளையை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டினால் படிநிலை அப்படியே வரும். அவர் அதில் திருத்தித் திருப்பி அனுப்பியதை மீண்டும் ஒட்டினால் கிளைகளாக விரியும். எக்ஸ்மைண்ட் என்ற இன்னொரு மனவரைபட மென்பொருளைப் பயன்படுத்துவோர், எளிய குறிகளால் படிநிலையைக் காட்டும் உரைக்கோப்பான மார்க்டவுனாகப் பரிமாறிக்கொள்ளலாம். கூட்டம் முடிந்தபின் அல்ல, தொடங்கும் முன்பே அந்தப் பட்டியலை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.