பெற்றோருடன் சிங்கப்பூர் வந்தால் எந்தத் தீவுகளைப் பார்க்கலாம்?

அப்பா அம்மாவோடு ஒரு வாரம் வருகிறோம், ராட்டினமும் வாட்டர் பார்க்கும் வேண்டாம், இயற்கையும் பழைய சரித்திரமும் உள்ள தீவாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். முதல் நாளை செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது புலாவ் உபின். சென்டோசாவுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

செயின்ட் ஜான்ஸைப் பெரும்பாலான டூர்க்காரர்கள் காட்டுவதில்லை. தமிழர்கள் பார்க்க வேண்டிய தீவு அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். 1819 ஜனவரி 28-ல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் வணிகத் தளத்தை நிறுவிய ராஃபிள்ஸ் வந்த கப்பல்கள் நங்கூரம் போட்டது இதன் அருகில்தான். 1873-ல் சிங்கப்பூரில் காலரா பரவியது. அடுத்த வருடமே இந்தத் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலேறி வந்த ஏழை எளியவர்கள் பலர் முதலில் கால் வைத்த மண் இதுதான்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி டெக் பயணியாக, அதாவது அறை இல்லாமல் திறந்த தளத்தில் வந்தவர். கேபினில் வந்தவர்கள் நேரே ஊருக்குள் போய்விட, டெக்கில் வந்தவர்களை இங்கே இறக்கிவிட்டார்களாம். துணிமணியையெல்லாம் வாங்கி ஆவியில் போட்டுத் திருப்பித் தந்தது, மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் சொன்னது, அம்மை குத்திய தழும்பைக் காட்டச் சொல்லி வரிசையில் நிறுத்தியது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு எதிரே சிங்கப்பூர் தெரியும், போக விடமாட்டார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய குறை. இன்று படகுத்துறையில் நின்று வடக்கே பார்த்தால் அதே கரையில் வானளாவிய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் குடும்பத்திலும் மலேயாவுக்குப் போன ஒரு பெரியப்பாவோ தாத்தாவோ இருந்திருக்கலாம். கிளம்பும் முன் அப்பாவிடம் கேட்டு வையுங்கள். மதுரை, தஞ்சை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் யாராவது ஒருவர் இருப்பார்.

பிறகு இது அரசியல் கைதிகளின் இடமாகவும் ஆனது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயர் 1951-ல் பிரிட்டிஷ்காரர்களால் இங்கேதான் அடைத்து வைக்கப்பட்டார். இன்று தீவில் கடல் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது, நிழலான பாதைகளும் நிறையப் பூனைகளும் இருக்கின்றன. அங்கிருந்து பாலம் போல நீளும் பாதையில் நடந்தே லாசரஸ் தீவுக்குப் போகலாம். வெள்ளை மணல் கடற்கரை, அலை அதிகம் இருக்காது. அம்மா கால் நனைத்துக்கொண்டு உட்கார நல்ல இடம்.

உபின் வேறு மாதிரி. சாங்கி பாயின்ட் படகுத்துறையில் வரிசையில் நின்றால் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பம்போட் என்ற சின்ன மோட்டார் படகு கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். காசாகக் கொடுக்க வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தீவு முழுக்கக் கருங்கல். நடுக்கடலில் உள்ள பெட்ரா பிராங்கா பாறை மேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும், மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் கடற்பாலமும் இந்தத் தீவின் கல்லால் எழுந்தவை. கல் வெட்டிய குழிகளில் இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கி ஏரியாகக் கிடக்கிறது. கிட்டே போகாமல் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், ஆழம் அதிகம்.

உபினுக்குப் போவதே செக் ஜாவாவுக்காக என்பேன். தீவின் கிழக்கு முனையில் சதுப்புக்காடு, மணல்திட்டு, கடற்புல், பவளக்கல் எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. இதை மண் கொட்டி நிரப்பத் திட்டம் இருந்தது. 2001-ல் தன்னார்வலர்கள் நீர் வற்றும் நேரமெல்லாம் இறங்கி உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், பொதுமக்கள் அரசுக்கு எழுதினார்கள், அந்த டிசம்பரிலேயே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. நிலத்துக்குத் தவிக்கும் இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த மனிதர்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்கிறேன்.

பிச்சாவரம் பார்த்தவர்களுக்குச் சதுப்புக்காட்டின் வேர்கள் புதிதல்ல. ஆனால் இங்கே மரநடைபாதையில் நின்று குனிந்து பார்க்கலாம். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த ஆண் நண்டுகள் வளை வாசலில் நின்று அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நிழல் பட்டால் நொடியில் அத்தனையும் மறைந்துவிடும். அசையாமல் நில்லுங்கள், இரண்டு நிமிடத்தில் முதலில் கண், பிறகு கொடுக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பக்கத்திலேயே துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கும் மீன்கள். தலைக்கு மேல் படபடவென்று பெரிய சத்தம் கேட்டால் இருவாச்சி. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் அழிந்தே போய், 1990களில் இந்தத் தீவின் வழியாகத் திரும்பி வந்த பறவை. இருபது மீட்டர் உயரத்தில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரமும் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம், ஒன்றும் குறையாது.

பகலில் நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நேரத்தில் திட்டு தண்ணீருக்குள் இருக்கும். நடைபாதையைச் சில சமயம் பழுதுபார்க்க மூடுவார்கள், தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தில் முன்கூட்டியே பாருங்கள். கிராமத்திலிருந்து செக் ஜாவா மூன்று கிலோமீட்டர் இருக்கும். நீங்கள் வாடகை சைக்கிளில் போகலாம், பெற்றோருக்கு அங்கேயே வேன் பேசிவிடுங்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் வரும், பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், தீனியும் போடாதீர்கள்.

சென்டோசாவில் சிலோசோ கோட்டை மட்டும் பாருங்கள். 1870களில் துறைமுகத்தைக் காக்கக் கட்டிய பீரங்கிக் கோட்டை, கட்டணம் கிடையாது. மேலே போக லிஃப்ட் இருக்கிறது, மர உச்சிகளுக்கு மேலாக நடந்தே கோட்டைக்குள் போய்விடலாம்.

செயின்ட் ஜான்ஸுக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தை ஒட்டிய துறையிலிருந்து படகு. வார நாளில் கூட்டம் இருக்காது, படகும் குறைவு, அதனால் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டே ஏறுங்கள். சாப்பாடு கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள். நான் காலையிலேயே லிட்டில் இந்தியாவில் புளியோதரை வாங்கிக்கொள்வேன், வெயிலில் கெடாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில்.