அப்பாவுக்கு டிபின்னு சொல்லி வெச்சிருக்கோம் டாக்டர்

கேள்வி: எங்க அப்பாவுக்கு 66 வயசு டாக்டர். நுரையீரல் கேன்சர், நாலாவது ஸ்டேஜ், முதுகெலும்புக்கும் பரவிடுச்சு. இனிமே கீமோ தாங்க மாட்டார், வீட்டுல வெச்சு பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. அவர்கிட்ட டிபின்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். தனி தட்டு, தனி டம்ளர்னு இருக்கார், என் பையனையும் கிட்ட வர விடுறதில்ல. ராத்திரி வலியில தூக்கமே இல்ல. மார்ஃபின் எழுதிக் குடுத்தாங்க, அடிமையாகிடுவாரோன்னு பயந்து குடுக்கல. சாப்பாடு எறங்கல, அம்மா அழுதுகிட்டே ஊட்டுறாங்க. தம்பி துபாய்ல இருக்கான், அவனை இப்ப வரச் சொல்றதா கடைசியில வரச் சொல்றதா? (ஒரு வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன்மா. வலி, சாப்பாடு, தம்பி லீவு எல்லாத்துக்கும் வர்றேன், ஆனா போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, பேரனை கிட்ட விடுறதில்லன்னு, அங்கதான் என் மனசு நின்னு போச்சு. அவர் தாங்க மாட்டார்னு நெனச்சு நீங்க சொன்ன டிபி, இருக்குற கொஞ்ச நாள்ல அவர்கிட்ட இருந்து பேரனை பிரிச்சு வெச்சிருக்கு. கேன்சர் ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒரே பாய்ல படுத்தாலும் ஒட்டாது. இது அவருக்கு தெரியணும், இந்த வாரமே தெரியணும்.

அதுக்காக எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டணும்னு இல்ல. வீட்டுல கூட்டம் இல்லாத நேரமா பாத்து பக்கத்துல உக்காந்து, "டிபி இல்லப்பா, நெஞ்சுல கட்டி, அது யாருக்கும் ஒட்டாது, நாங்க பயத்துல மாத்தி சொல்லிட்டோம்"னு சொல்லிட்டு அதோட நிறுத்துங்க. அடுத்து என்ன கேக்குறார்னு பாருங்க. கேட்டா கேட்ட அளவுக்கு சொல்லுங்க, கேக்கலன்னா விட்டுடுங்க, அவருக்கு தேவைப்படும்போது திரும்ப வருவார். உங்களால முடியலன்னா அவரை பாக்குற டாக்டரை சொல்லச் சொல்லுங்க, நீங்க கூட இருங்க.

பாதி பேருக்கு மேல நாம சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்மா, என் அனுபவத்துல சொல்றேன். ஒரு விவசாயி, அவருக்கும் வீட்டுல மறைச்சுதான் வெச்சிருந்தாங்க, ஒரு நாள் என்கிட்ட "சார், கிணத்து மோட்டாரை நான் மாத்திடவா, இல்ல பின்னாடி பையனே மாத்திக்கட்டுமா"ன்னு கேட்டார். நான் "உங்களுக்கு என்னய்யா தோணுது"ன்னு திருப்பி கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பையன் பேருக்கு எழுதி வெச்சுடுறேன் சார், அவன் மாத்திக்குவான்"னார். உங்க அப்பாவும் இப்படி சுத்தி வளைச்சு கேட்டிருப்பார், நினைச்சு பாருங்க. "குணமாகுமா"ன்னு நேரா கேட்டா, முழுசா குணமாகாதுப்பா, ஆனா வலி இல்லாம பாத்துக்கலாம், நாங்க கூடவே இருக்கோம்னு சொல்லுங்க. இத்தனை மாசம்னு கணக்கு மட்டும் சொல்லாதீங்க, அது சராசரிதான், அவருக்குன்னு யாராலயும் கரெக்டா சொல்ல முடியாது.

இப்ப மார்ஃபின். தயவு செஞ்சு இன்னைக்கே அந்த டாக்டரை கூப்பிட்டு பேசி ஆரம்பிச்சுடுங்க. கேன்சர் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல குடுக்குற மார்ஃபின்ல போதைக்கு அடிமையாகுறது ரொம்ப அபூர்வம், வலி தாங்காம ராத்திரி பூரா முழிச்சு கெடக்குறதுதான் அந்த உடம்பை வேகமா கரைக்கும். சாதா மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் நிக்கும், அதனால வலி வந்தப்புறம் குடுக்குறதில்ல, கடிகாரத்தை பாத்து குடுக்கணும், நடுவுல வலி வந்தா எக்ஸ்ட்ரா எவ்வளவுன்னும் கேட்டு எழுதி வெச்சுக்கங்க. முதல் ரெண்டு மூணு நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தானா போயிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதனால மார்ஃபின் ஆரம்பிக்கிற அன்னைக்கே பேதி மருந்தும் சேத்து ஆரம்பிக்கணும், இதை விட்டுட்டு அப்புறம் வயித்து வலின்னு தவிக்கிறவங்களை நெறைய பாத்திருக்கேன். நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது. எழுப்பினாலும் முழிக்காத அளவு மயக்கமா இருந்தாலோ மூச்சு ரொம்ப மெதுவா போனாலோ அடுத்த மாத்திரை குடுக்காம உடனே டாக்டரை கூப்பிடுங்க. மெடிக்கல் ஷாப்ல எல்லாம் இது சாதாரணமா கிடைக்காது, 1985 போதைப்பொருள் சட்டத்தால ரொம்ப வருஷம் டாக்டர்களே பயந்தாங்க, 2014ல சட்டத்தை திருத்தினப்புறம் கொஞ்சம் பரவாயில்ல. முதுகெலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவ குடுக்குற ரேடியேஷன் கூட நெறைய பேருக்கு நல்லா கேக்கும், அதையும் கேளுங்க.

ஒண்ணு மட்டும் அவசரம். திடீர்னு கால் வலுவில்லாம போனா, மரத்துப் போனா, ஒண்ணுக்கு போக முடியலன்னா, கட்டி தண்டுவடத்தை அழுத்துதுன்னு அர்த்தமா இருக்கலாம், காலையில பாத்துக்கலாம்னு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

சாப்பாடு விஷயத்துல அம்மாவுக்குத்தான் ஆறுதல் வேணும். சாப்பிடாததால உடம்பு எளைக்கல, நோய்தான் எளைக்க வைக்குது, பசியும் அதாலதான் போகுது. இந்த கட்டத்துல ஊட்டி ஊட்டி தேத்த முடியாது, கட்டாயப்படுத்தினா வாந்தி வரும், புரை ஏறும். ரெண்டு வாய் ரசம் சாதம், ஒரு மடக்கு எளநி, அவர் கேக்குறப்ப கேட்டதை குடுங்க. சொந்தக்காரங்க வந்து "ட்ரிப்ஸ் ஏத்துங்க"ம்பாங்க, கடைசி நாட்கள்ல அது பெரும்பாலும் உதவாது, கை கால் வீங்கும், நெஞ்சுல சளி சேரும். அம்மாவுக்கு கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா கால் பிடிச்சு விடட்டும், ஒதடு காய்ஞ்சா ஈரப் பஞ்சால தொடச்சு விடட்டும்.

மூச்சு வாங்கினா தலைய ஒசத்தி வெச்சு மொகத்துக்கு நேரா ஃபேன் போடுங்க, அதுவே நல்லா கேக்கும். இருமல்ல ரத்தம் வர வாய்ப்பு இருக்கு, அதனால கலர் அடர்த்தியா ஒரு துண்டு கட்டில் பக்கத்துலயே வெச்சுடுங்க, வெள்ளை துணியில ரத்தத்தை பாத்தா அவரும் பயந்துடுவார் நீங்களும் பயந்துடுவீங்க.

பாலியேட்டிவ் கேர்னா நோயால வர்ற வலியையும் கஷ்டத்தையும் கொறைக்கிற வைத்தியம், கைவிட்டுட்டாங்கன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல இதே நுரையீரல் கேன்சர் முத்தின 151 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சு 2010ல வெளியிட்டாங்க, வழக்கமான வைத்தியத்தோட ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் கேரும் கிடைச்சவங்க 11.6 மாசம் இருந்தாங்க, அது கிடைக்காதவங்க 8.9 மாசம். 2021 ஆகஸ்ட்ல நம்ம ஊர்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயே வீட்டுக்கு வந்து பாக்குற பாலியேட்டிவ் கேர் இருக்கு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேரை பதிஞ்சு வைங்க. ராத்திரி கூப்பிட ஒரு நம்பர் கேட்டு வாங்கி ஃபைல் மேலயே எழுதி ஒட்டுங்க.

கடைசி நாட்கள் வரும்போது எந்நேரமும் தூங்குவார், கை கால் சில்லிட்டுப் போகும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில கரகரன்னு சத்தம் கேக்கும். கேக்குற நமக்குத்தான் அது பயமா இருக்கும், அவர் பெரும்பாலும் அதை உணர மாட்டார், ஒருக்களிச்சு படுக்க வெச்சா கொறையும். அந்த நேரத்துல பதறி ஐசியூவுக்கு தூக்கிட்டு ஓடுறதா, வீட்டுலயே இருக்கட்டுமான்னு இப்பவே பேசி வைங்க, முடிஞ்சா அவர்கிட்டயே கேளுங்க. பேச்சு நின்னாலும் காது கேக்கும்னு நெனச்சே பேசுங்க.

நீங்களும் அம்மாவும் மாத்தி மாத்தி தூங்குங்கம்மா, ரெண்டு பேரும் சேந்து முழிச்சிருக்க வேண்டாம்.

தம்பியை இப்பவே வரச் சொல்லுங்க. அப்பா உக்காந்து பேசுற நாள்லயே வந்து ஒரு பத்து நாள் கூட இருக்கட்டும். அப்புறம் லீவு கிடைக்காம கடைசி காரியத்துக்கு வர முடியாம போனாலும் பரவாயில்ல, ஊர் என்ன வேணா சொல்லிட்டு போகட்டும். அவன் வர்றதுக்குள்ள அந்த தனி தட்டை எடுத்து உள்ள வெச்சுடுங்க.