முந்திக்கொண்ட கிருபையும் பன்னிரண்டு பேரும்: சில கேள்விகள், என் பதில்கள்

போன மாதம் இரண்டு ஞாயிறு சாயங்காலம் கிருஷ்ணகிரியில் கூடினோம். தர்மபுரி, பென்னாகரம், ஊத்தங்கரை, ஓசூர் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். ஜான் வெஸ்லியிலிருந்து வந்த மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ மரபைப் பற்றிக் கேட்க நினைப்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்று ஒரு பிஸ்கட் டப்பாவைச் சுற்றுக்கு விட்டேன். டப்பா நிறைந்துவிட்டது, நேரம் போதவில்லை. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் ஆயர் அல்ல. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். சபையில் பல வருஷமாகப் பிரசங்கம் செய்கிற ஒரு விசுவாசி, அவ்வளவுதான்.

டீச்சர், ‘மெதடிஸ்ட்’ என்ற பெயர் எப்படி வந்தது? சி.எஸ்.ஐ. வேறு, மெதடிஸ்ட் வேறா? (காவேரிப்பட்டணம், கல்லூரி மாணவன்)

அது கேலிப் பெயர், தம்பி. 1729 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் வெஸ்லி, அவருடைய தம்பி சார்ல்ஸ், இன்னும் சில பேர் சேர்ந்து குறித்த நேரத்தில் ஜெபிப்பது, வேதம் வாசிப்பது, வாராவாரம் திருவிருந்தில் பங்கெடுப்பது, சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். ‘எல்லாவற்றுக்கும் ஒரு மெத்தட் வைத்திருக்கிறார்களே’ என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. வெஸ்லி தனிச்சபை தொடங்க நினைத்தவரும் அல்ல. 1791-ல் இறக்கும்வரை இங்கிலாந்து திருச்சபையின் குருவாகவே இருந்தார்.

நம் நாட்டுக்கு இரண்டு வழியாக வந்தது. வெஸ்லியன் மிஷனரி ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். அந்தக் கிளை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன் சபையோடும் தென்னிந்திய ஐக்கிய சபையோடும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆயிற்று. அமெரிக்கக் கிளை 1856-ல் வில்லியம் பட்லர் வந்ததிலிருந்து வளர்ந்தது. 1981-ல் தன்னாட்சி பெற்று இந்திய மெதடிஸ்ட் திருச்சபை ஆனது. ஆகவே நீ சி.எஸ்.ஐ. பிள்ளையாக இருந்தாலும் வெஸ்லி உன் வீட்டுப் பெரியவர்தான்.

நாங்கள் மூன்று தலைமுறையாக லுத்தரன். உங்களுக்கும் எங்களுக்கும் என்ன உறவு? (கிருஷ்ணகிரி)

நெருங்கிய உறவு, ஐயா. 1738 மே 24 சாயங்காலம், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சின்னக் கூட்டத்துக்கு வெஸ்லி மனமில்லாமல் போனார். அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது ரோமர் நிருபத்துக்கு, உங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் எழுதிய முன்னுரை. மணி எட்டே முக்கால் இருக்கும்போது தன் இருதயம் இதுவரை அறியாதபடி அனல் கொண்டதாக வெஸ்லி எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்து என் பாவத்தையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அப்போதுதான் வந்தது. 1895-ல் மிஷனரி தியோடர் நேதர் இதே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்ததும் லுத்தரின் அந்தச் செய்தியைத்தான். விசுவாசத்தினாலே நீதிமான் என்பதில் நமக்குள் வித்தியாசம் இல்லை. நீதிமானாக்கினவர் நம்மைப் பரிசுத்தத்தில் வளர்க்கவும் செய்வார் என்பதை வெஸ்லி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்.

என் மகனுக்குக் கைக்குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தோம். இப்போது வேறொரு ஐக்கியத்துக்குப் போகிறான். ‘அது செல்லாது, ஆற்றில் முழுக வேண்டும்’ என்கிறான். வீட்டில் தினமும் வாக்குவாதம். நான் என்ன சொல்ல? (பென்னாகரம், ஒரு தாய்)

சாப்பிட உட்காரும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அம்மா. அவன் தேடுகிறான், அதுவே நல்ல அடையாளம். தேடுகிற பிள்ளையைச் சண்டையால் விரட்டிவிடக் கூடாது.

அவனிடம் 1 யோவான் 4:19-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்.” அந்த ‘முந்தி’ என்ற ஒரு சொல்லில் மெதடிஸ்ட் உபதேசத்தில் பாதி இருக்கிறது. நாம் தேடுவதற்கு முன்பே, நமக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தேவனுடைய கிருபை நம்மிடத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. முன்செல்லும் கிருபை என்று வெஸ்லி போதித்தது இதைத்தான்.

அவனுக்குப் பெயர் வைத்த நாளை நினைத்துப் பாருங்கள். அவனிடம் சம்மதம் கேட்டா வைத்தீர்கள்? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பல மாதம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். கூப்பிட்டதால்தான் ஒருநாள் திரும்பினான். குழந்தை ஞானஸ்நானம் அப்படி ஒரு கூப்பிடுதல். திரும்பிப் பார்த்து ‘ஆம்’ என்று சொல்வது பின்னால் நடக்கிறது. திடப்படுத்தலில் சபை முன்பாக அதை வாயால் அறிக்கை செய்கிறோம்.

தண்ணீர் எவ்வளவு என்பதல்ல நமக்குப் பிரச்சினை. தெளிப்பதையும், ஊற்றுவதையும், முழுக்குவதையும் மெதடிஸ்டுகள் ஏற்கிறார்கள். இரண்டாம் முறை கொடுப்பதை மட்டும் ஏற்பதில்லை. முதல்முறை வாக்குக் கொடுத்தவர் தேவன், அவர் வாக்குத் தவறவில்லை.

ஆனால் ஒரு குறை நம்முடையது, அதை அவனிடம் ஒத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத்தன்று இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று சபை முழுவதும் எழுந்து நின்று சொல்கிறோம். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியபின் எத்தனை பேர் அந்தப் பிள்ளையின் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறோம்? அவன் வேறிடம் தேடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம், அவன் முழுகிவிட்டே வந்தாலும் வீட்டு ஜெபத்தில் அவனுக்குரிய இடம் அப்படியே இருக்கட்டும்.

திருவிருந்தில் ஏன் ஒயினுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு? (பர்கூர்)

எல்லாச் சபையிலும் அப்படி இல்லை. மெதடிஸ்டுகளிடம் அது பரவியதற்குக் காரணம் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட். திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் வைத்திருக்கும் வழியை 1869-ல் கண்டுபிடித்தார், திருவிருந்துக்காகவே. குடியை விட்டு வந்த ஒரு சகோதரன் பயமில்லாமல் பாத்திரத்தை வாங்கலாம். நம் ஊர்களில் குடி எத்தனை வீட்டைக் கெடுத்திருக்கிறது என்று தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன், இது சின்ன விஷயம் அல்ல.

ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் அதை இழக்க முடியுமா? (தர்மபுரி)

முடியும் என்றுதான் வெஸ்லி போதித்தார். கிருபையைத் தள்ளிவிடும் சுதந்திரமும் மனுஷனுக்கு உண்டு. ஆனால் பின்வாங்கிப் போனவனுக்குக் கதவு அடைபடுவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார். சிலரை மட்டும் தேவன் இரட்சிப்புக்கென்று முன்குறித்தார் என்ற போதனையை அவர் 1739-லேயே எதிர்த்துப் பிரசங்கித்தார். அதனால் உயிர் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டோடு பிரிவு வந்தது. இருந்தும் 1770-ல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. உபதேசத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, நட்பையும் விட்டுவிடவில்லை. சபைக் கமிட்டியில் ஒரு ஓட்டு வித்தியாசத்துக்காகப் பத்து வருஷம் பேசாமல் இருப்பவர்களுக்கு இதை அடிக்கடி சொல்கிறேன்.

பெண்கள் ஆயர் ஆகலாமா? எங்கள் வீட்டில் வேதத்துக்கு விரோதம் என்கிறார்கள். (ஊத்தங்கரை)

ஆகலாம் மகளே, ஆகிக்கொண்டும் இருக்கிறார்கள். சேரா கிராஸ்பி என்ற பெண்ணுக்கு 1761-ல் ஒரு கூட்டத்தில் இருநூறு பேர் வந்துவிட்டதால் பேச நேர்ந்தது. வெஸ்லி அவரைத் தடுக்கவில்லை, ஊக்கம்தான் கொடுத்தார். தென்னிந்தியத் திருச்சபையில் 1976-லிருந்து பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013-ல் புஷ்பலலிதா அம்மா நந்தியால் பேராயரானார். உனக்கு அழைப்பு இருந்தால் ஆயரிடம் போய்ச் சொல். முதலில் ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்து நடத்து.

இளைஞர்கள் டிரம்ஸ், கீபோர்டு வைத்துப் பாடுவது ஆராதனையா? காது வலிக்கிறது. (தர்மபுரி, பெரியவர்)

கருவியில் தவறில்லை ஐயா. கிறிஸ்துமஸுக்கு நாம் பாடும் ‘கேள், ஜென்மித்த ராயர்க்கே’ சார்ல்ஸ் வெஸ்லியின் பாட்டு. அதற்கு இப்போதிருக்கும் ராகமே அவர் காலத்துக்குப் பின்னால் வந்தது. ராகம் மாறும். ஜான் வெஸ்லி பாடுவதற்கென்றே 1761-ல் சில விதிகள் எழுதினார். எல்லாரும் பாட வேண்டும். பாதி உறக்கத்தில் இருப்பவர்போல் பாடக்கூடாது. மற்றவர் குரலுக்கு மேலே தன் குரல் கேட்கும்படி கத்தவும் கூடாது. இதை வைத்து அளந்து பாருங்கள். சவுண்ட் பாக்ஸ் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பாடுவது கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கீர்த்தனை பாடும்போது சபை வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் அதே குறைதான்.

‘கிளாஸ் மீட்டிங்’ என்று அடிக்கடி சொல்கிறீர்கள். வீட்டு ஜெபக்கூட்டம்தானே? (கிருஷ்ணகிரி, பழையபேட்டை)

இல்லை, அக்கா. இந்தச் சீட்டு வந்ததற்குத்தான் எனக்கு அதிகச் சந்தோஷம்.

1742-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர் மெதடிஸ்டுகளுக்கு ஒரு கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்று ஃபாய் என்ற கேப்டன் சொன்னார். ஏழைகளால் முடியாதே என்றார் ஒருவர். ‘மிக ஏழைகளாகப் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போடுகிறேன்’ என்றார் ஃபாய். அப்படிப் பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே குடியையும், சண்டையையும், நோயையும், அழுகையையும் பார்த்தார்கள். கடனுக்காக ஆரம்பித்தது மேய்ப்பின் வேலையாக மாறிவிட்டது.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் பேசுவார், நாம் கேட்போம். கிளாஸில் எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். ‘இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?’ கேள்வி அவ்வளவுதான்.

என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழமான சுரங்கம் அது. ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வெள்ளிக்கிழமை கிளாஸுக்குப் போவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சின்ன அட்டை டிக்கெட் ஒன்றை, ஒரு வசனம் அச்சடித்தது, சங்கீதப் பக்கத்தில் வைத்திருப்பார். அப்பா இறந்தபின் வேதாகமத்தைத் திறந்தபோது அந்த அட்டையின் வடிவம் பக்கத்தில் பழுப்பாகப் பதிந்திருந்தது. வெஸ்லி 1739-ல் வெட்டவெளியில் பிரசங்கித்தபோது கேட்க வந்தவர்களில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் இருந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் ஈரத்தலைதான் ஞாபகம் வரும்.

எங்கள் கிளாஸில் ஒரு லாரி டிரைவர் சகோதரர் உண்டு. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். மூன்று வாரம் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொன்னார். நாலாம் வாரம் கையிலிருந்த சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தவர், ‘லோடு இறக்கியதும் வீட்டுக்குப் போகவே பயமாயிருக்கு’ என்றார். வட்டிக்கு வாங்கிய பணம், மனைவிக்குத் தெரியாது. யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. இரண்டு பேர் அன்று ராத்திரி அவரோடு வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவியிடம் சொல்லி முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் அன்பில் தாங்கிப் பரிசுத்தத்தில் வளர்வது என்று புத்தகத்தில் படிப்பதை நான் அந்தத் திண்ணையில் பார்த்தேன்.

நாங்கள் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. வாரத்தில் ஒருநாள் எப்படிக் கூடுவது? (ஓசூர், நான்கு இளைஞர்கள்)

வேலைக்குப் போகும் முன் தொழிலாளிகள் வந்து கேட்கட்டும் என்று வெஸ்லி விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரசங்கிப்பார். உங்களுக்கும் காலை ஷிஃப்டுக்கு முன் ஒரு நேரம் கிடைக்கும், இல்லாவிட்டால் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது. பன்னிரண்டு பேர் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாலு பேர் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வசனம், அந்த ஒரே கேள்வி, ஜெபம். அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது, இதில் கண்டிப்பாயிருங்கள். ஒருவன் வரவில்லை என்றால் மறுநாளே அவன் ரூமுக்குப் போய்ப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் நான் வருகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் அதிக நேரம் ஆகாது. எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.