ஓடுறவங்க ட்ரையத்லானுக்கு வந்தா முதல்ல எதை மாத்தணும்?

கேள்வி: மூணு வருஷமா ஓடுறேன், வாரத்துக்கு நாலு நாள், ஹாஃப் மாரத்தானும் முடிச்சிருக்கேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா வர்ற ட்ரையத்லான் பண்ண ரொம்ப ஆசை. ஆனா நீச்சல்ல ஒரு 25 மீட்டர் போனாலே மூச்சு வாங்குது, சைக்கிள் சின்ன வயசுல ஓட்டினதோட சரி. வேலைக்கும் போகணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது?

பதில்: ஓடுறத குறைக்கறதுல இருந்து. சொன்னா கஷ்டமா இருக்கும், ஆனா நாலு நாள் ஓட்டத்த அப்படியே வச்சுக்கிட்டு அதுக்கு மேல நீச்சலும் சைக்கிளும் ஏத்தினா ரெண்டு மாசத்துல கால் எங்கயாவது பிடிச்சுக்கும், இல்லன்னா வேலையும் தூக்கமும் அடிவாங்கும். ஓட்டத்த வாரத்துக்கு ரெண்டா குறைங்க. மூணு வருஷமா சேர்த்த ஸ்டாமினா அதுல எங்கயும் போயிடாது, சைக்கிளும் அத தாங்கிப் பிடிச்சுக்கும். மிச்சமாகுற நேரம் முழுக்க தண்ணிக்கு.

முதல் போட்டிக்கு ஸ்ப்ரின்ட் தூரம் போதும், 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதுல சரியா ரெண்டு மடங்கு, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப நீச்சல். ஹாஃப் மாரத்தான் ஓடுற ஆளுக்கு 25 மீட்டர்ல மூச்சு வாங்குதுன்னா அது ஸ்டாமினா பிரச்சனையே இல்ல, அதனால இன்னும் வேகமா கை கால அடிச்சு சரி பண்ண பாக்காதீங்க. பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது மூச்ச அடக்கி வச்சுக்கறோம், வெளிய வந்ததும் அந்த ஒரு நொடிக்குள்ள விடவும் வேணும் இழுக்கவும் வேணும், ரெண்டும் அரைகுறையா போய் கார்பன் டை ஆக்சைடு உள்ள தேங்குது, மூச்சு முட்டுதேன்னு பயம் வருது, பயத்துல தலைய தூக்குறோம், தலை மேல போனா இடுப்பும் காலும் கீழ போகும், அதுக்கப்புறம் பாதி சக்தி உடம்ப மிதக்க வைக்கவே போயிடும். ஓடுறவங்களுக்கு கணுக்கால் இறுக்கமா இருக்கறதால இன்னொரு சிக்கலும் உண்டு, பாதம் பின்னாடி நீளாம கொக்கி மாதிரி நின்னு தண்ணிய தடுக்கும். சைக்கிள் மிதிக்கற மாதிரி முட்டிய மடக்கி உதைக்காம, இடுப்புலேருந்து சின்னதா தளர்வா உதைங்க.

முதல் ரெண்டு வாரம் தூரத்த எண்ணவே வேண்டாம். முகம் தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் மூக்கு வழியாவோ வாய் வழியாவோ நிக்காம காத்த விட்டுக்கிட்டே இருங்க, பார்வை அடித்தரைய பாத்து. மூச்சு எடுக்கும்போது தலைய தூக்காம உடம்போட சேர்த்து பக்கவாட்டுல திருப்புங்க, காகிள்ஸ்ல ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயும் ஒரு கண்ணு வெளியவும் இருந்தா சரியா திரும்பறீங்கன்னு அர்த்தம். அப்புறம் 25 மீட்டர் போய் அரை நிமிஷம் நின்னு மறுபடியும் 25, அது சுலபமானதும் 50. வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் போறத விட மூணு தடவை அரை மணி நேரம் போறது எவ்வளவோ மேல், தண்ணி பழகணும்னா அடிக்கடி இறங்கணும். காசு செலவு பண்றதா இருந்தா சைக்கிள விட ஒரு நல்ல நீச்சல் கோச்சுக்கு முதல்ல பண்ணுங்க, நம்ம உடம்பு தண்ணிக்குள்ள என்ன பண்ணுதுன்னு நமக்கே தெரியாது.

பூல்ல நிக்காம நிதானமா 750 மீட்டர் போற வரைக்கும் எந்தப் போட்டிக்கும் பேர் குடுக்காதீங்க. அதுக்கப்புறமும் ஏரி, கடல்னா வேற கதை, சுவரும் இல்ல அடியில கோடும் இல்ல, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கண்ண மட்டும் தண்ணிக்கு மேல கொண்டு வந்து திசைய பாத்துக்கணும். தனியா மட்டும் இறங்கவே இறங்காதீங்க. ட்ரையத்லான்ல நடக்கற மரணங்கள்ல பெரும்பகுதி நீச்சல் கட்டத்துல தான், அதனால நெஞ்சுல ஏதாவது தொந்தரவோ குடும்பத்துல இதய நோயோ இருந்தா டாக்டர பாத்துட்டே ஆரம்பிங்க. போட்டியில பதட்டமானா மல்லாந்து மிதக்கலாம், பெரும்பாலான போட்டிகள்ல முன்னாடி நகராம பாதுகாப்புக்கு வர்ற கயாக்க, அதாவது சின்னத் துடுப்புப் படக, பிடிச்சுக்கிட்டு நிக்கவும் அனுமதி உண்டு.

சைக்கிளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பிரேக் ஒழுங்கா பிடிக்கற எந்த சைக்கிளும் முதல் போட்டிக்கு ஆகும். சீட் உயரம் தான் முக்கியம், பெடல் அடியில இருக்கும்போது குதிகால அதுல வச்சா கால் நேரா நீளணும், அப்ப முன்பாதத்துல மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கி இருக்கும். ஓடுறவங்க கால்ல பலம் இருக்குன்னு பெரிய கியர்ல போட்டு அழுத்துவாங்க, முட்டி வலிக்கும், கியர குறைச்சு நிமிஷத்துக்கு 80 லேருந்து 90 சுத்து வர்ற மாதிரி மிதிங்க. ஓட்டத்துக்கு வச்சிருக்கற ஹார்ட் ரேட் கணக்க இங்க கொண்டு வராதீங்க, அதே சிரமத்துக்கு சைக்கிள்ல துடிப்பு பொதுவா கொஞ்சம் குறைவா தான் காட்டும்.

வாரத்துக்கு மூணு நீச்சல், ரெண்டு சைக்கிள், ரெண்டு ஓட்டம், அதுல ஒரு ஓட்டம் சைக்கிள விட்டு இறங்கின கையோட. இதுக்கு பிரிக்னு பேரு. முதல்ல பத்து நிமிஷம் ஓடினா போதும், கால் உங்களோடதே இல்லாத மாதிரி கனக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். உங்கள மாதிரி ஓடத் தெரிஞ்சவங்க தான் இங்க ஏமாறுவாங்க, சைக்கிள் வேகத்துக்கு பழகின கண்ணுக்கு ஓட்டம் மெதுவா தெரியும், அதுல முதல் கிலோமீட்டர வேகமா போய் மிச்ச நாலும் தடுமாறும், அதனால வாட்ச பாத்து வேகத்த பிடிச்சு வைங்க.

இப்படி ஒரு நாலு மாசம், நீச்சல் லேட்டா வந்தா இன்னும் ரெண்டு மாசம் சேர்த்துக்கோங்க. கடைசி ரெண்டு வாரத்துல ட்ரான்சிஷனையும், அதாவது நீச்சல்லேருந்து சைக்கிளுக்கும் சைக்கிள்லேருந்து ஓட்டத்துக்கும் மாறுறதையும், வீட்டு வாசல்லயே செஞ்சு பாருங்க, ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் மாத்திக்கோங்க. ஹெல்மெட் பட்டைய மாட்டின அப்புறம் தான் ஸ்டாண்ட்லேருந்து சைக்கிள எடுக்கணும், திரும்ப ஸ்டாண்ட்ல வச்ச அப்புறம் தான் பட்டைய கழட்டணும், இது விதி, பெனால்ட்டி உண்டு, ஈரக் கையோட அந்த க்ளிப் மாட்டுறது நினைக்கற அளவுக்கு ஈஸி இல்ல.