பையன் விமானத்தில் வாந்தி எடுக்கிறான், அவோமின் அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் கல்லூரி முடித்து ஆஃப்கேட் (விமானப்படை நுழைவுத் தேர்வு) எழுதி, ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகல் விமானப்படை அகாடமியில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். பறக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டு முறை போனதில் ஐந்து முறை வாந்தி. காசிமேட்டில் என் அண்ணன் படகில் சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போய் வந்தவன், ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. ஊறுகாய் பார்சலோடு அவோமின் மாத்திரையும் வைத்து அனுப்பலாமா? இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? (தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய்)

பதில்: மாத்திரையை அனுப்பாதீர்கள் அம்மா. திருப்பதி மலை பஸ்ஸில் நாம் போட்டுக்கொள்ளும் அவோமின் வாந்தியை அடக்கும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். பஸ்ஸில் நாம் தூங்கினால் டிரைவர் ஓட்டிக்கொள்வார். அங்கே டிரைவரே உங்கள் மகன்தான். பறக்கிற ஆள் சளி மாத்திரைகூட அங்குள்ள மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. ஒளித்துப் போட்டுக்கொண்டு பறந்து அது தெரியவந்தால், வாந்தியைவிடப் பெரிய சிக்கல் அதுதான்.

நானும் பறக்கக் கற்றுக்கொடுத்த பழைய இன்ஸ்ட்ரக்டர்தான், இப்போது பெரம்பூரில் ஓய்வில் இருக்கிறேன். மாணவனாக இருந்தபோது என் ஐந்தாவது சாட்டியில் (ஒருமுறை ஏறி இறங்குவதை அப்படித்தான் சொல்வோம்) வாந்திக் கவரை எடுக்க நேரமில்லாமல், இடது கையுறையைக் கழற்றி அதற்குள்ளேயே எடுத்தேன். கட்டைவிரல் வரை நிரம்பிவிட்டது. இறங்கிய பிறகு அதைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, என் இன்ஸ்ட்ரக்டரிடம் 'ஒன்றும் இல்லை சார்' என்று சொன்னேன். அத்தனை சிறிய காக்பிட்டில் அந்த வாடையை யாரிடம் மறைப்பது! அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு துணியும் வாளித் தண்ணீரும் காட்டினார். எடுத்தவர்தான் துடைக்க வேண்டும், அது எங்கள் நாளைய வழக்கம்.

சரி, ஏன் வருகிறது? காதின் உட்பகுதியில் அரைவட்டமாக மூன்று குழல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளை அறிகிறது. விமானம் சாய்ந்து திரும்பும்போது காது 'சுற்றுகிறோம்' என்கிறது. கண்ணோ எதிரே இருக்கும் கருவிகளைப் பார்த்து 'எதுவும் அசையவில்லையே' என்கிறது. ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே ஓடப் பழகி, சுற்றுவதே தெரியாமல் போகும். அப்புறம் நேராக்கினால் எதிர்ப்பக்கம் சுற்றுவது போல இருக்கும். இந்தக் குழப்பத்தில் வயிறு புரட்டுகிறது. போதாததற்கு, 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திரும்பினால் உடம்பின் எடை இரு மடங்காகும். 65 கிலோ பையன் 130 கிலோவாக உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் தொடையில் கட்டியிருக்கும் குறிப்பைப் பார்க்கத் தலையைச் சட்டென்று குனிந்தால், அவ்வளவுதான்.

கடலில் வராதது இங்கே ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. உடம்பு பழகுவது அந்தந்த ஆட்டத்துக்குத்தான். அலையில் மேலும் கீழும் போய்வரப் பழகியவனுக்கு, தலைகீழாகப் புரளுவது புதுப் பாடம். விசைப்படகில் சாவகாசமாக நின்று வலை இழுக்கிறவர் ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலைத் தேடுவதும் அதனால்தான். இன்னொன்றையும் உங்கள் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும்போது, வயிறு கொஞ்சம் 'ஒரு மாதிரி' இருப்பதுண்டா என்று. பறப்பதிலும் அப்படித்தான். அடுத்தடுத்து பறந்தால் உடம்பு பழகும், இடைவெளி விழுந்தால் மறக்கும். மழை வாரத்துக்குப் பிறகோ விடுமுறை முடிந்தோ மறுபடி வாந்தி வந்தால், பழையபடி ஆகிவிட்டதே என்று யாரும் பதற வேண்டாம்.

ஆகவே அவன் செய்ய வேண்டிய முதல் வேலை, இன்ஸ்ட்ரக்டரிடம் மறைக்காமல் சொல்வது. அவருக்கு இது புதிதல்ல. நம் ஊரின் தெற்குக் கோடியில், தாம்பரத்தில், 1954 முதல் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் இருக்கிறது. ஏற்கெனவே பைலட்டாக இருப்பவர்களை, கற்றுக்கொடுப்பவர்களாக்கும் பள்ளி அது. வாந்தி எடுக்கும் மாணவனை எப்படிப் பறக்க வைப்பது என்பது அந்தத் தொழிலில் அன்றாட சமாசாரம். சொன்னால் அவர் அன்றைய பயிற்சியின் வரிசையை மாற்றுவார், இடையில் நேராகப் பறக்கவிட்டு மூச்சுவிட நேரம் தருவார். முக்கியமாக, கன்ட்ரோலை மாணவன் கையில் கொடுப்பார். மலைப்பாதையில் டிரைவர் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லை. அடுத்த திருப்பம் எப்போது என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். அவர்கள் பழகும் பிலாட்டஸ் விமானத்தில் மாணவன் முன் இருக்கையில்தான் இருப்பான். ஸ்டிக் (விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் பிடி) அவன் கையில் இருந்து, கண் வெளியே அடிவானத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். வாந்தி வரும் என்று பயந்து வெறும் வயிற்றோடு போகிறார்கள். அது இன்னும் மோசம். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், போதுமான தண்ணீர். பூரி மசால் வேண்டாம். தூக்கம் குறையக் கூடாது. வெயில் ஏறிய பிறகு தக்காணத்துக் காற்று தூக்கிப் போடும், காலை சாட்டி மென்மையாக இருக்கும். ஆனால் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது அவன் கையில் இல்லை. கவர் மட்டும் கைக்கு எட்டும் பையில், மடிப்பு பிரித்துத் தயாராக இருக்கட்டும். எடுத்த பிறகு வாயைத் துடைத்துவிட்டு, மறுபடி கன்ட்ரோலைக் கேட்டு வாங்க வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன், பயம். விடியலில் எழுந்து, வானிலை கேட்டு, பிறகு எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று 'எஞ்சின் நின்றால் என்ன செய்வாய்' என்பதற்கு ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் ஒப்பிக்க வேண்டும். திக்கினால் முகம் சிவக்கும். அந்தப் பதற்றத்தோடு ஏறுகிறவன் வயிறு தரையிலேயே பாதி கலங்கியிருக்கும். இதற்கு மருந்து, ராத்திரி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பறப்பது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குச்சியை ஸ்டிக்காகப் பிடித்து, டேக் ஆஃப் முதல் லேண்டிங் வரை வாயால் சொல்லிக்கொண்டே கையை அசைக்க வேண்டும். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் இதைச் செய்யாமல் தேறிய பைலட்டை நான் கண்டதில்லை. கூட இருப்பவன் முதலில் சோலோ (தன்னந்தனியாகப் பறப்பது) போய்விட்டால் வருத்தம் இருக்கத்தான் செய்யும். பின் இருக்கையில் பெல்ட்டை வெறுமனே இழுத்துக் கட்டிவைத்துவிட்டு இன்ஸ்ட்ரக்டர் இறங்கிப் போகும் அந்தக் காட்சிக்காகத்தானே எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்புவார்களா? ஒரு மாத வாந்திக்காக யாரும் அனுப்ப மாட்டார்கள். பல வாரங்கள் பறந்தும் குறையாவிட்டால் மருத்துவர் பார்ப்பார். பெங்களூரில் விமானப்படையின் விமான மருத்துவ நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. சுழலும் நாற்காலியில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்து நிமிர்த்தி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கும் சிகிச்சை உண்டு. அதற்கும் சரிவராத சிலர் பறக்கும் பயிற்சியிலிருந்து நிறுத்தப்படுவதும் உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். அப்போதும் தகுதியையும் காலியிடத்தையும் பார்த்து வேறு பிரிவில் சேர்க்க வாய்ப்பு உண்டு. அந்தக் கவலைக்கு எட்டு சாட்டி ரொம்ப சீக்கிரம்.

போனில் 'இன்றைக்கு வாந்தி வந்ததா' என்று கேட்காதீர்கள். 'இன்றைக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள்' என்று கேளுங்கள். பார்சலில் அவோமினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மொரப்பா ஒரு பாக்கெட் வையுங்கள். அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே வாயில் போடச் சொல்லுங்கள்.