ஷ்யூரிட்டி பாண்டு: பிரீமியம் நாம் கட்டுகிறோம், பாதுகாப்பு யாருக்கு?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஒப்பந்ததாரர்கள் கேட்டவற்றுக்கு, காப்பீட்டுத் துறையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பண்ருட்டி ஒப்பந்ததாரர்: சார், வேலை எடுக்கும்போது துறைக்கு உத்தரவாதமாகக் கொடுக்கும் பேங்க் கேரண்டிக்குப் பதிலாக இன்சூரன்ஸ் பாண்டு கொடுக்கலாமாமே? சட்டப்படி அது என்ன?

அடிப்படை பழைய சட்டம்தான். ஒருவர் சொன்னபடி செய்யத் தவறினால் அவருடைய பொறுப்பை நான் ஏற்கிறேன் என்று இன்னொருவர் தரும் உறுதியை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு உத்தரவாத ஒப்பந்தம் என்கிறது. வேலை எடுத்த நீங்கள், வேலை கொடுத்த துறை, ஜாமீன் நிற்பவர் என்று மூன்று தரப்பு. ஜாமீன் நிற்பது காப்பீட்டு நிறுவனம் என்றால் அது ஷ்யூரிட்டி இன்சூரன்ஸ்; அது எழுதித் தரும் உத்தரவாதப் பத்திரம்தான் பாண்டு. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் இதற்கான நெறிமுறைகள் 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. டெண்டர் வைப்புத்தொகை, வேலையை முடித்துத் தருவது, முன்பணம், பில்லில் பிடித்து வைக்கும் தொகை எல்லாவற்றுக்கும் பாண்டு உண்டு. சுங்கத்துறையும் நீதிமன்றமும் கேட்கும் பாண்டும் இதில் சேரும்.

வில்லியனூர் ஒப்பந்ததாரர்: பிரீமியம் கட்டிவிட்டேன். வேலை பாதியில் நின்றால் நஷ்டம் கம்பெனிக்குத்தானே?

இல்லைங்க. பலர் சறுக்குவது இங்கேதான். வண்டி இன்சூரன்ஸில் ரிப்பேருக்குக் கொடுத்த பணத்தைக் கம்பெனி உங்களிடம் திருப்பிக் கேட்பதில்லை. இதில் கேட்கும். துறைக்கு முறைப்படி கொடுத்த பணத்தை உங்களிடம் வசூலிக்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு உரிமை தருகிறது. துறைக்கு உங்கள் மேல் இருந்த உரிமைகளும் 140-ஆவது பிரிவின்படி கம்பெனி கைக்குப் போய்விடும். போதாததற்கு, பாண்டு தரும்போதே, கம்பெனிக்கு வரும் இழப்பை நீங்களே ஈடுகட்டுவதாகச் சொல்லும் ஈட்டுறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். 2 கோடி ரூபாய் வேலைக்கு 5 சதவீதம் என்றால் பாண்டு 10 லட்சம். அந்தப் பணம் துறைக்குப் போன கையோடு உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

அப்புறம் எதற்கு இது? பேங்க் கேரண்டிக்கு பிக்சட் டெபாசிட்டை முடக்க வேண்டும், கடன் வரம்பும் குறையும். பாண்டு என்றால் அந்தப் பணம் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் கையில் நிற்கும். ஆனால் வரவு செலவுக் கணக்கு, முடித்த வேலைகள் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் இதை நம்பி டெண்டர் போட வேண்டாம் என்பேன்.

பரங்கிப்பேட்டை ஒப்பந்ததாரர்: ஐப்பசி மழையில் வேலை நின்றது. துறை மூன்று மாதம் நீட்டிப்பு கொடுத்தது. பாண்டு செல்லுமா?

நல்ல கேள்வி. ஜாமீன்தாரர் சம்மதமில்லாமல் ஒப்பந்த நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தையவற்றுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 133. அவரைக் கேட்காமல் அவகாசம் தருவதாக ஒப்புக்கொண்டாலும் அவர் விடுபடுவார் என்கிறது 135. துறை உங்கள் மேல் வழக்குப் போடாமல் சும்மா இருந்துவிட்டால்? 137-ன்படி அதனால் மட்டும் விடுதலை இல்லை.

நடைமுறையில் துறைகள் விவரமானவை. நீட்டிப்புக்கும் மாற்றத்துக்கும் முன்கூட்டியே சம்மதம் என்ற வரி பாண்டிலேயே இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். இருந்தாலும் பாண்டின் கெடுத் தேதி தானாக நீளாது. நீட்டிப்பு உத்தரவை கம்பெனிக்கு அனுப்பி, கூடுதல் பிரீமியம் கட்டி, பாண்டையும் நீட்டுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி, கடமைகள் எல்லாம் முடிந்து 60 நாள் வரை, வேலையை முடித்துத் தருவதற்கான பாண்டு செல்லுபடியாக வேண்டும்.

நெல்லிக்குப்பம் வாசகர்: தம்பியின் வங்கிக் கடனுக்கு இப்படி ஜாமீன் வாங்கலாமா?

முடியாது. கடன் தொகைக்கான நிதி உத்தரவாதம் எந்த வடிவிலும் கூடாது என்கின்றன ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நெறிமுறைகள்.

மஞ்சக்குப்பம் வாசகர்: கிரிமினல் கேஸ் ஜாமீனுக்கு?

அது வேறு சட்டம். அங்கே பொதுவாக ஆள்தான் ஜாமீன் நிற்பார்.

பாகூர் ஒப்பந்ததாரர்: எல்லாத் துறையும் இதை வாங்கிக்கொள்ளுமா அண்ணா?

மத்திய அரசுத் துறைகளுக்காக பொது நிதி விதிகள் 170, 171 ஆகியவற்றில் இதை 2022-இல் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுத் துறைகளின் டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கின்றன. எதுவானாலும் டெண்டர் ஆவணத்தில் வைப்புத்தொகைப் பகுதியைப் பாருங்கள். பேங்க் கேரண்டி மட்டும் என்று இருந்தால், பிரீமியம் கட்டுவதற்கு முன்னால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.